ஒரு தாள் வருவதற்குள் இன்னொரு தாள் காலாவதி

இரண்டு கத்தி, இரண்டு முள்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி. 1939 பிப்ரவரி 21 அன்று வந்த உத்தரவின்படி, ஜெர்மனியில் ஒரு யூதர் தன் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வெள்ளிப் பாத்திரம் இவ்வளவுதான். இதற்கு மேல் கல்யாண மோதிரம். துணை இறந்துபோயிருந்தால் அவருடைய மோதிரமும். பழகிய வெள்ளிக் கடிகாரம். மற்றத் தங்கம், வெள்ளி, முத்து, ரத்தினம் எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அடகுக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். எடை போட்டு, சந்தை விலைக்கு மிகவும் கீழே ஒரு தொகையைக் கையில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றும் விளக்குத் தண்டுகளும், பாட்டன் காலத்து திராட்சை ரசக் கிண்ணமும் அந்தத் தராசுத் தட்டில்தான் ஏறின.

நாட்டை விட்டுக் கிளம்பும் குடும்பம் தரவேண்டிய சாமான் பட்டியலில் இந்தக் கரண்டிகளுக்கும் இடம் உண்டு. பட்டியலை மூன்று பாகமாகப் பிரித்து எழுத வேண்டும்: ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்கு முன் வாங்கியவை, அதன் பின் வாங்கியவை, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியவை. மூன்றாம் பாகத்தில் இருப்பவற்றுக்கு, பொதுவாக வாங்கிய விலை எவ்வளவோ அவ்வளவையும் இன்னொரு முறை அரசு வங்கிக்குக் கட்ட வேண்டும். 100 மார்க்குக்கு ஒரு குளிர்கோட்டு எடுத்தால் அது 200 மார்க் கோட்டு. பட்டியல் அந்நியச் செலாவணி அலுவலகத்துக்குப் போகும். பிறகு சுங்க அதிகாரி வீட்டுக்கே வந்து, பெட்டி கட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். தட்டு, தலையணை உறை, கைக்குட்டை, பிள்ளையின் பொம்மை எல்லாம் எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத ஒன்று பெட்டிக்குள் இருந்தால் அது அந்நியச் செலாவணிக் குற்றம்.

யூதர்கள் ஏன் முன்பே தப்பிக்கவில்லை என்ற கேள்வியை அடிக்கடிக் கேட்க நேர்கிறது. தப்பித்தார்கள். 1933-ல் ஜெர்மனியில் ஏறத்தாழ 5,25,000 யூதர்கள் இருந்தார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்குவதற்குள் சுமார் 2,82,000 பேர் வெளியேறிவிட்டார்கள். 1938-ல் ஜெர்மனி விழுங்கிய ஆஸ்திரியாவிலிருந்து இன்னும் 1,17,000 பேர். பாதிக்கு மேல் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. ஆனால் பாதிக் குடும்பங்கள் முழுதாகப் போய், மீதிக் குடும்பங்கள் முழுதாகத் தங்கிவிடவில்லை. அப்பா ஒரு நாட்டில், அம்மா இன்னொரு நாட்டில், பிள்ளைகள் மூன்றாவது நாட்டில், தாத்தா பாட்டி பழைய வீட்டில். இப்படிப் பிரிந்ததற்குப் பாசக் குறைவோ ஏமாளித்தனமோ காரணம் அல்ல. எந்த நாட்டுச் சட்டமும் குடும்பத்தைக் குடும்பமாகப் பார்க்கவில்லை. வயது, பாலினம், பிறந்த ஊர், தொழில் என்று ஆளாளுக்கு ஒரு வாசல் வைத்திருந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கெடு. அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

வெளியே விடுவதற்கான தாள்கள்

முதல் தாள் வரி அலுவலகத்தினுடையது. பாக்கி எதுவும் இல்லை, இவர் கிளம்ப ஆட்சேபம் இல்லை என்ற சான்று. இது கையில் இல்லாமல் பாஸ்போர்ட் கிடைக்காது. இந்தச் சான்று செல்லுபடியாவதோ குறுகிய காலத்துக்குத்தான். அதை வாங்கக் கட்டவேண்டிய பெரிய தொகைக்கு 'ரைஷ் தப்பியோடும் வரி' என்று பெயர் (ரைஷ் என்றால் ஜெர்மன் நாடு). இதைக் கொண்டுவந்தவர்கள் நாஜிகள் அல்ல. பொருளாதார நெருக்கடியில் பணம் வெளிநாட்டுக்கு ஓடாமலிருக்க 1931 டிசம்பரிலேயே வந்த வரி அது. அப்போது 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். 1934 மே மாதத்தில் அந்த வரம்பை 50,000 மார்க்காக இறக்கினார்கள். ஒரு சாதாரண வீடும் சின்னக் கடையும் வைத்திருந்தவர்கூட வலைக்குள் வந்துவிட்டார். விகிதம் 25 சதவீதம். அரசு மதிப்பிட்ட தொகையை வைத்துத்தான் கணக்கு. உண்மையில் விற்ற விலையை யாரும் பார்ப்பதில்லை. கட்டாயத்தில் கடையைப் பாதி விலைக்கு விற்றவரும் முழு மதிப்புக்கு வரி கட்டினார்.

1938 நவம்பர் 9 இரவு தொழுகைக்கூடங்களைக் கொளுத்தி, கடைகளை நொறுக்கி, அடுத்த சில நாட்களில் சுமார் 30,000 ஆண்களை வதைமுகாம்களில் அடைத்த பிறகு, யூதர்கள்மீதே 100 கோடி மார்க் தண்டம் சுமத்தினார்கள். 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருந்த ஒவ்வொருவரும் முதலில் 20 சதவீதத்தை நான்கு தவணையில், பிறகு ஐந்தாவது தவணையாக இன்னும் 5 சதவீதம். எவ்வளவு சொத்து இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. 1938 ஏப்ரலிலேயே எல்லோரையும் எழுதிக் கொடுக்க வைத்திருந்தார்கள்.

1 லட்சம் மார்க் வைத்திருந்த ஒருவருக்கு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். தப்பியோடும் வரி 25,000. தண்டம் 25,000. மிச்சம் 50,000. அதையும் கையில் தரமாட்டார்கள். முடக்கிய கணக்கில் கிடக்கும். வெளிநாட்டுப் பணமாக மாற்றினால், 1939 வாக்கில் 100-க்கு 4 தான் தேறும். ஆக 2,000 மார்க் மதிப்புள்ள அந்நியப் பணம். எல்லையைக் கடக்கும்போது சட்டைப்பையில் இருக்கலாம் என்று அனுமதித்த ரொக்கம் 10 மார்க்.

பாஸ்போர்ட்டிலும் கை வைத்தார்கள். 1938 அக்டோபர் 5 முதல் யூதர்களின் பாஸ்போர்ட் செல்லாது. திருப்பிக் கொடுத்து, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தான 'ஜே'யைச் சிவப்பில் குத்தி வாங்கினால்தான் செல்லும். அகதிகள் எளிதில் நுழைந்துவிடக் கூடாது என்று சுவிட்சர்லாந்து கொடுத்த நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம். 1939 ஜனவரி 1 முதல் ஆண்கள் பெயரோடு 'இஸ்ரேல்', பெண்கள் பெயரோடு 'சாரா' என்று சேர்த்தே கையெழுத்துப் போட வேண்டும்.

வியன்னாவில் இதையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன். 1938 ஆகஸ்டில், பறிமுதல் செய்த ரோத்ஷில்டு மாளிகையில் மத்தியக் குடிபெயர்வு அலுவலகம் தொடங்கியது. அதைப் பார்வையிட அழைத்துவரப்பட்ட பெர்லின் யூதப் பிரதிநிதி ஒருவர், பின்னாளில் ஐக்மன் வழக்கில் சாட்சி சொல்லும்போது, அது ரொட்டிக்கடையோடு சேர்த்துக் கட்டிய மாவு மில் மாதிரி இருந்தது என்றார். ஒரு முனையில் கடையோ வங்கிக் கணக்கோ உள்ள மனிதர் நுழைகிறார். மேசை மேசையாகப் போகிறார். மறுமுனையில் பணமும் உரிமையும் இல்லாமல், ஒரு பாஸ்போர்ட்டோடும், இரண்டு வாரத்துக்குள் கிளம்பாவிட்டால் முகாம் என்ற எச்சரிக்கையோடும் வெளியே வருகிறார். எந்த நாடு இரண்டு வாரத்தில் விசா தரும் என்பது அந்த அலுவலகத்தின் கவலை அல்ல.

உள்ளே விடுவதற்கான தாள்கள்

பெரும்பாலோர் கண்வைத்தது அமெரிக்காவை. 1924 சட்டப்படி அங்கே நாடுவாரியான ஒதுக்கீடு. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர். தூதரகத்தில் பெயர் பதிந்தால் ஒரு வரிசை எண் தருவார்கள். 1938 வரை அலட்சியமாகப் பார்த்த அந்த எண், நவம்பருக்குப் பிறகு உயிர் எண் ஆயிற்று. 1939 நடுவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். வகுத்துப் பார்த்தால் கடைசியில் நிற்பவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல்: ஒதுக்கீட்டை முடிவு செய்வது குடியுரிமை அல்ல, பிறந்த இடம். அதுவும் பிறந்தபோது இருந்த எல்லைப்படி அல்ல, விண்ணப்பிக்கும்போது இருந்த எல்லைப்படி. போசன் நகரில் 1870-களில் பிறந்த ஒரு தாத்தா ஜெர்மன் பேரரசில் பிறந்தவர். ஆயுள் முழுக்க பெர்லினில் வாழ்ந்தவர். ஆனால் முதல் உலகப்போருக்குப் பிறகு போசன் போலந்துக்குப் போய்விட்டது. எனவே அவர் நிற்கவேண்டிய வரிசை போலந்து வரிசை. அதற்கு ஆண்டுக்கு 6,524 இடம்தான். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஜெர்மன் வரிசையில், தாத்தா நகராத இன்னொரு வரிசையில். அவரை விட்டுவிட்டுப் போவதா, அவருக்காகக் காத்திருந்து தங்கள் எண்ணைத் தவறவிடுவதா என்று அந்தக் குடும்பம் இரவெல்லாம் பேசியிருக்கும்.

எண் வந்தால் மட்டும் போதாது. இவர் அரசுக்குப் பாரமாக மாட்டார் என்று அமெரிக்காவில் இருப்பவர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். அதுதான் அஃபிடவிட். அந்த நாட்களில் யூத வீடுகளில் ரொட்டி, வெண்ணெய் போல அன்றாடம் புழங்கிய சொல் அது. பொதுவாக இரண்டு பேர், நெருங்கிய உறவினராக இருந்தால் நல்லது. நோட்டரி முன் கையெழுத்திட்ட 6 பிரதிகள், கடைசியாகக் கட்டிய வருமான வரிப் படிவத்தின் சான்றிட்ட நகல், வங்கியின் கடிதம். விண்ணப்பதாரர் பக்கம்: விசா விண்ணப்பம் 5 பிரதி, பிறப்புச் சான்று 2 பிரதி, ஜெர்மன் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று 2 பிரதி. வதைமுகாமில் அடைத்த அதே போலீஸிடம்தான் நன்னடத்தைச் சான்று கேட்டு நிற்க வேண்டும். பிறகு தூதரக மருத்துவரின் உடல் பரிசோதனை. போர் தொடங்கியபின், கப்பல் டிக்கெட் எடுத்ததற்கும், ஜெர்மனி வெளியே விடும் என்பதற்கும் ஆதாரம்.

எல்லாம் சரியாக இருந்து விசா கிடைத்துவிட்டால், அது 4 மாதத்துக்குச் செல்லும். அதற்குள் கப்பலேற வேண்டும். இங்கேதான் தலைப்பில் சொன்ன அவதி. சிகாகோவில் இருக்கும் சித்தப்பாவின் வரிப் படிவம் போன ஆண்டினுடையது. புதுப்பித்து அனுப்பச் சொல்கிறார்கள். அது கடல் கடந்து வருவதற்குள் வரி அலுவலகச் சான்றின் கெடு முடிகிறது. சான்றைப் புதுப்பிக்கப் போனால் தண்டத்தின் அடுத்த தவணை பாக்கி என்கிறார்கள். அதைக் கட்டி முடிப்பதற்குள் கப்பலில் பிடித்த இடம் போய்விடுகிறது. கப்பல் இடத்துக்கு இப்போது டாலர் கேட்கிறார்கள்; டாலரோ சித்தப்பாவிடம்தான். அவருக்கு மீண்டும் கடிதம். நான்கு பேர் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் கண்ணில் டிரக்கோமா என்ற தொற்றுநோய் தெரிந்தால் மற்ற மூன்று விசாக்களின் கடிகாரம் அதற்காக நிற்காது.

அமெரிக்கா இப்படி என்றால் மற்ற வாசல்கள் இன்னும் குறுகல். பிரிட்டன், வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு அனுமதி தந்தது. ஏறத்தாழ 20,000 பேர் அந்த வழியில் போனார்கள். பியானோவும் பணிப்பெண்ணும் வைத்திருந்த வீட்டு மகள்கள், விளம்பரம் பார்த்து ஆங்கிலேய வீடுகளில் அடுப்புச் சாம்பல் அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார்கள். வதைமுகாமிலிருந்து விடுதலையாக வேண்டிய ஆண்களுக்கு, கென்ட் கடற்கரையில் சாண்ட்விச் ஊருக்கு அருகே கிச்சனர் என்ற அகதி முகாம். சுமார் 4,000 பேர். அதற்கு மனைவி பிள்ளைகளோடு போக முடியாது. அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்குப் போக 1,000 பவுண்டு காட்டினால் ஒரு வகைச் சான்று. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வேறு வகை. 1939 மே மாதம் பிரிட்டன் அந்த வாசலையும் ஐந்தாண்டுக்கு 75,000 பேர் என்று இறுக்கியது.

விசாவே கேட்காத ஊர் என்று ஒன்று இருந்தது: ஷாங்காய். டச்சாவ், புக்கன்வால்ட் முகாம்களில் கணவன் அடைபட்டிருந்த பெண்கள் கப்பல் கம்பெனி வாசலில் நின்று முதலில் வாங்கியது அந்த டிக்கெட்டைத்தான். நாட்டை விட்டுப் போகிறார் என்று ஏதாவது ஒரு தாளைக் காட்டினால் முகாமிலிருந்து விடுவார்கள். ஜெனோவாவிலோ டிரியெஸ்டியிலோ ஏறினால் சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியே ஏறத்தாழ நான்கு வாரம். கொழும்புத் துறைமுகம் அவர்களுக்கு வழியில் கப்பல் நின்ற ஓர் இடம், அவ்வளவே. 17,000-க்கும் மேற்பட்டோர் ஷாங்காய் சேர்ந்தார்கள். எத்தனையோ குடும்பங்களில் ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் தேறியது. அது முகாமில் இருந்த ஆணுக்கு.

பெண்களும் முதியவர்களும் பின்தங்கியது இப்படித்தான். ஆண்களுக்குத்தான் ஆபத்து, பெண்களையும் கிழவர்களையும் என்ன செய்துவிடப்போகிறார்கள் என்று 1938-ல் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கில் தவறில்லை. நவம்பரில் பிடித்துக்கொண்டு போனது ஆண்களைத்தானே.

பிள்ளைகள் ரயில்

1938 நவம்பர் 15 அன்று பிரிட்டிஷ் யூதப் பிரமுகர்கள் பிரதமர் சேம்பர்லினைச் சந்தித்தார்கள். நவம்பர் 21 அன்று நாடாளுமன்ற விவாதம். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விசா இல்லாமல் தற்காலிகமாக வரலாம், அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது, பெற்றோர் கூட வரக் கூடாது என்று முடிவாயிற்று. பத்தே நாளில், டிசம்பர் 1 அன்று, பெர்லினிலிருந்து முதல் குழு கிளம்பியது. 2-ஆம் தேதி காலை ஹார்விச் துறைமுகத்தில் சுமார் 200 பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்களில் பலர், கொளுத்தப்பட்ட ஒரு பெர்லின் அனாதை இல்லத்துப் பிள்ளைகள். வியன்னாவில் ட்ரூஸ் வைஸ்முல்லர் என்ற டச்சுப் பெண்மணி நேரே ஐக்மனிடமே போய்க் கேட்டார். முடியாது என்று நினைத்தோ என்னவோ, சில நாளில் 600 பிள்ளைகளைத் திரட்டிக் கொண்டுபோ பார்க்கலாம் என்றார் ஐக்மன். டிசம்பர் 10 அன்று 600 பேரோடும் ரயில் கிளம்பியது.

பெற்றோர் செய்யவேண்டியது: ஊர் யூத சமூக அலுவலகத்தில் விண்ணப்பம், புகைப்படம், மருத்துவச் சான்று. அவை லண்டனுக்குப் போகும். அங்கே இரண்டு வகை. பெயர் சொல்லி ஏற்க ஒரு வீடு இருக்கும் பிள்ளை. யாரும் இல்லாமல் அமைப்பின் பொறுப்பில் வரும் பிள்ளை. இரண்டாம் வகையில், அப்பா முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்கும், எந்த நேரமும் பிடிபடக்கூடிய பெரிய பையன்களுக்கும் முன்னுரிமை. மெதுவாகக் கற்கும் பிள்ளை, நோயுள்ள பிள்ளை என்றால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். 1939 மார்ச் முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 பவுண்டு பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று வந்தது. பின்னால் வேறு நாட்டுக்கு அனுப்பும் செலவுக்காம் அது. அன்றைய ஆங்கிலேயக் குமாஸ்தா ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம்.

தேர்வானால் எண் போட்ட அட்டை ஒன்று வரும். அதை நூலில் கோர்த்துக் கழுத்தில் மாட்டவேண்டும். அதே எண் பெட்டியிலும். பெட்டி, பிள்ளையே தூக்கக்கூடிய ஒன்று. ரொக்கம் 10 மார்க். நகை, கேமரா, விலையுள்ள எதுவும் கூடாது. அடுத்த இரண்டு ஆண்டுக்குப் போடும்படி பெரிய அளவில் தைத்த உடைகளை அம்மாக்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயர்த் துண்டு தைத்தார்கள். கிளம்பும் நாள் சில நாளைக்கு முன்புதான் தெரியும். பல நிலையங்களில் பெற்றோரைப் பிளாட்பாரத்துக்கே விடவில்லை. காத்திருப்பு அறையிலேயே விடைபெறச் சொன்னார்கள், அழுகைச் சத்தம் பொதுமக்கள் காதில் விழக் கூடாது என்று.

எல்லையில் பெட்டிகளைக் கலைத்துச் சோதனை. அதைத் தாண்டி நெதர்லாந்துக்குள் ரயில் நின்றதும், டச்சுப் பெண்கள் ஜன்னல் வழியாகக் கொக்கோவும் வெள்ளை ரொட்டியும் கொடுத்ததை, எழுபது வயதிலும் அந்தப் பிள்ளைகள் நினைவுகூர்ந்தார்கள். ஹூக் ஆஃப் ஹாலந்தில் இரவுக் கப்பல், காலையில் ஹார்விச். வீடு நிச்சயமானவர்கள் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு. மற்றவர்கள் டோவர்கோர்ட் என்ற கோடைக்கால விடுமுறை முகாமுக்கு. கோடைக்கென்று கட்டிய மரக்குடிசைகளில், அந்த ஆண்டின் கடும் டிசம்பரில், கோட்டும் கையுறையும் போட்டபடியே படுத்தார்கள். வார இறுதியில் வளர்ப்புப் பெற்றோர் ஆகக்கூடியவர்கள் வந்து, சாப்பிடும் கூடத்தில் மேசை மேசையாகப் பார்த்துப் போவார்கள். சின்னப் பெண் குழந்தைகளை உடனே அழைத்துப் போனார்கள். பன்னிரண்டைத் தாண்டிய பையன்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தம்பி இருவரையும் சேர்த்து ஏற்கும் வீடு அரிது. தம்பியை விடாதே என்று அம்மா சொல்லி அனுப்பிய எட்டு வயது அக்காக்கள், ஒரு வாரத்துக்குள் தம்பியை வேறு ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். இது யாருடைய கொடுமையும் அல்ல. ஆனாலும் அந்த அக்காக்களில் பலர் ஆயுள் முழுக்கத் தங்களை மன்னிக்கவில்லை.

ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் இப்படிக் கரை சேர்ந்தார்கள். பிராகாவிலிருந்து 669 பிள்ளைகளை வெளியேற்றிய குழுவில் நிக்கலஸ் விண்டன் என்ற பிரிட்டிஷ்காரரும் இருந்தார். 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய அடுத்த ரயிலில் 250 பிள்ளைகள் போவதாக இருந்தது. அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. ரயில் கிளம்பவில்லை.

அமெரிக்காவில் இதேபோல 20,000 பிள்ளைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்க 1939 பிப்ரவரியில் ஒரு மசோதா வந்தது. வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது.

கரை சேர்ந்தவர்களுக்கும் அலைச்சல் ஓயவில்லை. 1940 கோடையில், பிரான்ஸ் விழுந்த பீதியில், பிரிட்டன் ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களை எதிரி நாட்டார் என்று பிடித்து அடைத்தது. 16 வயது நிரம்பிய பிள்ளைகள் ரயில் பையன்களும் அதில் சுமார் ஆயிரம் பேர். சிலரை ஐல் ஆஃப் மேன் தீவில் வைத்தார்கள். சிலரை 'டுனேரா' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பினார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெர்லினில் இருந்த அம்மாவுக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஒரு குடும்பத்தின் கோப்பு

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் இது கைக்குப் பிடிபடாது. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த குடும்பம் என்றுதான், நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பத்தை எல்லோரும் அறிவார்கள். ஒளிவதற்கு முன் அவர்கள் நகர்த்திய தாள்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவற்றில் பல, நியூயார்க் ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து 2007-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒன்றாக வளர்ந்த நான்கு உடன்பிறப்புகள். 1930-களின் நடுவில் ஆனின் அப்பா ஓட்டோ ஆம்ஸ்டர்டாமில், ராபர்ட் லண்டனில், ஹெர்பர்ட் பாரிஸில், தங்கை லேனி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், தாயார் லேனியோடு. ஓட்டோவின் மனைவி ஈடித்தின் சகோதரர்கள் யூலியுஸ், வால்டர் இருவரும் ஆஹன் நகரத்தவர்கள். நவம்பர் 1938-ல் வால்டரைச் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். 1939-ல் முன்னும் பின்னுமாக இருவரும் அமெரிக்கா போய், மாசசூசெட்ஸில் தொழிற்சாலைத் தொழிலாளர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய அம்மா ரோசா அதே ஆண்டு மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமுக்கு, மகள் வீட்டுக்கு வந்தார்.

ஓட்டோ 1938-லேயே ராட்டர்டாம் அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பித்திருந்தார். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமைக் குண்டுவீசி எரித்தபோது அந்தக் கோப்புகளும் போயின. 1941 ஏப்ரல் 30 அன்று, கல்லூரிக் கால நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்கு எழுதினார். ஸ்ட்ராஸ் அப்போது அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறைத் தலைவர். மேசிஸ் பேரங்காடிக் குடும்பத்தவர். ஓட்டோ கேட்டது பிணையாகக் கட்ட 5,000 டாலர். எங்களுக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். மூத்தவள் மார்கோட்டுக்கு 15 வயது. ஆனுக்கு 12 ஆகப்போகிறது.

ஜாமீனுக்குக் குறைவில்லை. ஸ்ட்ராஸ் முன்வந்தார், மைத்துனர்கள் முன்வந்தார்கள், மைத்துனர்களின் முதலாளிகள்கூட முன்வந்தார்கள். ஆனால் 1941 ஜூனில் அமெரிக்கா ஒரு புது விதி போட்டது: ஜெர்மன் பிடியில் நெருங்கிய உறவினரை விட்டுவிட்டு வருபவருக்கு விசா கிடையாது, அந்த உறவினரைப் பணயமாக்கி ஜெர்மனி அவரை உளவாளியாக்கிவிடும் என்ற அச்சம். குடும்பமாக வரவும் விடவில்லை, பிரிந்து வரவும் விடவில்லை. அடுத்த சில வாரங்களில் ஜெர்மன் பிடியில் இருந்த பகுதிகளில் அமெரிக்கத் தூதரகங்கள் மூடப்பட்டன. இனி நடுநிலை நாடு ஒன்றுக்குப் போய்த்தான் விசா வாங்க முடியும். நெதர்லாந்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டுமானால் முதலில் விசாவைக் காட்ட வேண்டும்.

அடுத்து கியூபா. எல்லோருக்கும் சேர்த்துக் கட்டப் பணம் போதாது. முதலில் ஒருவர் போய்ப் பார்ப்பது என்று முடிவு. 1941 டிசம்பர் 1 அன்று ஓட்டோ ஒருவர் பெயரில் மட்டும் கியூபா விசா வந்தது. டிசம்பர் 11 அன்று ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்தது, விசா ரத்து. அடுத்த மாதம் பாட்டி ரோசா ஆம்ஸ்டர்டாமிலேயே இறந்துபோனார். 1942 ஜூலை தொடக்கத்தில் பாசலுக்கு ஓர் அஞ்சலட்டை போனது, இனி எழுத முடியாது என்பதைப் பூடகமாகச் சொல்லி. பிறகு அவர்கள் ஒளிந்ததும் பிடிபட்டதும் உலகறிந்தது. ஐரோப்பாவைத் தாண்டியவர்கள் இரண்டு மைத்துனர்கள். ஆம்ஸ்டர்டாம் வீட்டில் மிஞ்சியவர் ஓட்டோ ஒருவர்.

இவ்வளவு செல்வாக்கு உள்ளவருக்கே இதுதான் கதி. கியூபா என்ற வாசல் எவ்வளவு நம்பக்கூடியது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். 1939 மே 13 அன்று ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளோடு கிளம்பிய 'செயின்ட் லூயிஸ்' கப்பல் ஹவானாவில் நின்றபோது, அவர்கள் கையிலிருந்த இறங்கு அனுமதிகளைக் கியூபா, கப்பல் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செல்லாதவை ஆக்கியிருந்தது. இறங்கவிட்டது 28 பேரை. முன்பே ஹவானா வந்து காத்திருந்த அப்பாக்கள் வாடகைப் படகில் கப்பலைச் சுற்றிச்சுற்றி வந்து, மேல்தளத்தில் நின்ற மனைவி பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் போனவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

25 சொற்கள்

போர் தொடங்கியதும் எதிரி நாடுகளுக்கு இடையே தபால் நின்றது. நடுநிலை நாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவர் வழியே கடிதம் போகும். இல்லாவிட்டால் செஞ்சிலுவைச் சங்கப் படிவம். ஒரு பக்கம் அனுப்புபவர், பெறுபவர், பிறகு செய்தி: அதிகபட்சம் 25 சொற்கள், குடும்ப விஷயம் மட்டும். மறுபக்கம் பதிலுக்கு, அதுவும் 25 சொற்கள். இரு நாட்டுத் தணிக்கையும் ஜெனீவாவும் தாண்டி வந்துசேர மாதங்கள் ஆகும். பிள்ளை எழுதியது வசந்தத்தில். அம்மாவின் பதில் அடுத்த குளிர்காலத்தில். நலம், நன்றாகப் படி, பாட்டி விசாரித்தாள். ஆங்கிலேய வீட்டில் இரண்டு ஆண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மறந்துகொண்டிருந்தது. அந்த 25 சொற்களையும் இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

1941 அக்டோபர் 23 அன்று நாஜி போலீஸ் தலைவர் ஹிம்லரின் உத்தரவில் யூதர்கள் வெளியேறுவதே தடையாயிற்று. அப்போது ஜெர்மனியில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 1,63,000 பேர். பெரும்பகுதி முதியவர்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். யூதர்களை நாடுகடத்திக் கிழக்கே அனுப்பும் ரயில்கள் அந்த மாதமே ஓடத் தொடங்கியிருந்தன. படிவங்களில் ஒரு வாக்கியம் திரும்பத்திரும்ப வரும்: நாங்கள் பயணம் கிளம்புகிறோம். அதற்குப் பின் அனுப்பிய படிவங்கள், பெறுபவர் முகவரி சொல்லாமல் புறப்பட்டுவிட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்தன.

வீட்டுச் சாமான்களை ஆளுயர மரப்பெட்டிகளில் அடைத்துத் துறைமுகத்துக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தவர்களின் பெட்டிகள் ஹாம்பர்க்கில் தேங்கிக் கிடந்தன. 1941 முதல் அவற்றை உடைத்து ஏலம் விட்டார்கள். நகர மக்கள் வந்து மெத்தையும் தையல் இயந்திரமும் எடுத்துப் போனார்கள்.

1957-ல் மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. பறிபோன பொருளுக்குப் பணம் கேட்கலாம். ஆனால் அந்தப் பொருள் பறிபோனபின் மேற்கு ஜெர்மனிக்குள்ளோ பெர்லினுக்குள்ளோ வந்து சேர்ந்தது என்று காட்ட வேண்டும். ஹாம்பர்க் ஏலத்துக்கு ரசீது இருந்தது. பெற்றோர் கடைசிவரை வைத்திருந்த சாமான்களுக்கு எதுவும் இல்லை. விண்ணப்பித்தவர்களில் பலர், பத்து வயதில் கழுத்தில் எண் அட்டையோடு ரயிலேறிய பிள்ளைகள். முப்பது வயதுக்காரர்களாக உட்கார்ந்து, சாப்பாட்டு அறையில் எந்தச் சுவரோரம் அலமாரி நின்றது, அதில் எத்தனை தட்டு இருந்தது என்று நினைவிலிருந்து எழுதினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய ஆண்டும் விலையும் கேட்டு அலுவலகத்திலிருந்து பதில் கடிதம் வந்தது.